அம்மா தனியாக ஆல்ப்ஸ் போகலாமா?

பெரியபாளையத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை என்றால், வாசலைத் தாண்டிப் போய் பால் வாங்கி வருவதே ஒரு வீரச் செயல்தான்! பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்த கூட்டம், வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுகிறவர்கள், வழியெல்லாம் பொங்கல் பானைகள், நகர முடியாமல் நிற்கும் பஸ்கள்... இத்தனைக்கும் நடுவே பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வருகிறவர் நீங்கள்.

அதே நீங்கள் இப்போது ஜூரிச் நகரில், மகள் வீட்டு நாலாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இது இன்றைக்குப் பல வீட்டுக் கதை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் டிரெய்னியாக ஷிப்ட் பஸ் ஏறிய பிள்ளைகளில் சிலர் ஜூரிச், மியூனிக் என்று போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவையோ அப்பாவையோ மூன்று மாத விசாவில் அழைத்துக்கொள்கிறார்கள். காலை ஏழரைக்கு மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட, பேரன் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்விட, கதவு சாத்தியதோடு சரி. சாயந்திரம் ஆறு மணி வரை பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. மூட்டம் இல்லாத நாளில் ஜன்னலுக்கு வெளியே, ரொம்ப தூரத்தில், பனிமலை தெரியும். “லீவு கிடைச்சதும் கூட்டிட்டுப் போறேம்மா” என்று மகள் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. பாவம், அவளுக்கு லீவு கிடைத்தபாடில்லை.

“நானே தனியா ஒரு நாள் போயிட்டு வந்துடட்டுமா?” என்று கேட்டுத்தான் பாருங்களேன்.

“ஐயோ, வேண்டவே வேண்டாம்மா! உனக்கு சுகர் வேற இருக்கு. பாஷை தெரியாது. எங்கேயாவது விழுந்து கிழுந்து வெச்சா?”

மகளின் வயிற்றில் புளி கரைவது நியாயம்தான். அவள் சொல்லும் ஒவ்வொரு பயத்துக்கும் பதில் இருக்கிறதா என்று பார்ப்போம். சிலவற்றுக்கு இருக்கிறது. ஒன்றிரண்டுக்கு, “ஆமாம், போகாதீர்கள்” என்பதே பதிலாக இருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வியாதி

முதலில், போகாமலே இருந்தால் என்ன ஆகும்? ஊரில் கோயில், கடை, பக்கத்து வீடு என்று உங்களை அறியாமலே தினமும் எவ்வளவோ நடந்துகொண்டிருந்தீர்கள். இங்கே ஹாலில் இருந்து சமையலறை, சமையலறையில் இருந்து ஹால். ஊரிலிருந்து கட்டி எடுத்து வந்த முறுக்கும் அதிரசமும் கைக்கெட்டும் தூரத்தில். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை. டிசம்பரில் அங்கே நாலரை மணி தாண்டியதும் இருட்டிவிடும். ஜூரிச், பெர்ன் போன்ற நகரங்கள் இருக்கும் தாழ்வான பகுதியில் நாள் கணக்கில் மூட்டம் கவிந்து நிற்கும். சூரியன் எங்கே என்றே தெரியாது. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதே, அது பகல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மணி திருத்திக்கொள்கிறது. வெளிச்சம் குறைந்தால் ராத்திரி தூக்கம் கெடும், பகலில் கண்ணைச் சொருகும், காரணமில்லாமல் அழுகை வரும். “ஊருக்குப் போயிடலாம்னு இருக்கு” என்று புலம்புகிற அம்மாக்கள் எல்லாருக்கும் மகள் மேலோ மருமகன் மேலோ கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக் காரணம் வெளிச்சம்தான்!

இதில் ஒரு வேடிக்கை. இந்த மூட்டம் பெரும்பாலும் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. கீழே நகரம் சாம்பல் நிறத்தில் அழுது வழியும்போது, மேலே மலைக்கிராமத்தில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் மூட்டம் வெள்ளைக் கடல் மாதிரி தெரியும். சுவிஸ்காரர்கள் அதற்கு ‘மூட்டக் கடல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வாரக் கடைசியில் அவர்கள் கூட்டம் கூட்டமாக மேலே ஏறுவது பனிச்சறுக்குக்காக மட்டும் இல்லை, இந்த வெயிலுக்காகவும்தான். காலையில் அங்கே டி.வி.யிலேயே மலைகளின் நேரடிப் படத்தைக் காட்டுகிறார்கள். மேலே வெயிலா, மழையா என்று காபி குடித்தபடியே பார்த்துவிடலாம்.

ஊட்டியை விடத் தாழ்வு!

‘ஆல்ப்ஸ்’ என்றதும் மூச்சு முட்டும் என்று ஒரு பயம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம்.

சுவிட்சர்லாந்தில் ம்யூரன் என்று ஒரு மலைக்கிராமம். பாறைச் சுவரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கார் கிடையாது, புகை கிடையாது. எதிரே 4,158 மீட்டர் யுங்ஃப்ராவ் சிகரமும் 3,967 மீட்டர் ஐகர் சிகரமும் கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நிற்கின்றன. அந்தக் கிராமம் எவ்வளவு உயரம் தெரியுமா? சுமார் 1,640 மீட்டர். நம் ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேலே. அதாவது ம்யூரன் ஏற்காட்டை விடக் கொஞ்சம் உயரம், குன்னூரை விடத் தாழ்வு! அக்கம்பக்கத்து வெங்கன் 1,274 மீட்டர், கிரிண்டல்வால்டு 1,034 மீட்டர்தான். ஊட்டிக்குப் போய் ரோஜாத் தோட்டம் சுற்றிவிட்டு வந்தவருக்கு உயரத்தைப் பொறுத்தவரை இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. அங்கே பனி கொட்டிக் கிடப்பதற்குக் காரணம், அந்த நாடு பூமத்திய ரேகையை விட்டு வடக்கே வெகுதூரம் தள்ளி இருப்பது.

உயரத்தால் வருகிற தலைவலி, வாந்தி, தலைசுற்றல் எல்லாம் சாதாரணமாக 2,500 மீட்டருக்கு மேலே போனால்தான் தலைகாட்டும். எனவே கிராமத்துக்குப் போவது வேறு, சிகரத்துக்குப் போவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. ம்யூரனில் நின்றால், “இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷில்தார்ன் உச்சிக்குப் போகலாம்” என்று ரோப் கார் கூப்பிடும். 2,970 மீட்டர். 1969-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தை எடுத்த இடம், சுற்றும் ஓட்டல் வேறு. பக்கத்திலேயே ரயிலில் 3,454 மீட்டர் வரை ஏறும் யுங்ஃப்ராயோக். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்புக்குக் கிடைக்கும் பிராண வாயுவும் அதே கணக்கில் குறையும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் அங்கே தனியாகப் போகவே கூடாது. மற்றவர்கள் மகளோடு இன்னொரு நாள் போங்கள். போனாலும் மெதுவாக நடந்து, உட்கார்ந்து உட்கார்ந்து பாருங்கள். தலை வலித்தால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். மாத்திரை போட்டுக்கொண்டு மேலேயே சுற்றுவது அசட்டுத்தனம்.

தனியாகப் போகும் நாளில் கிராமத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் கறாராகச் சொல்வது இது ஒன்றுதான்.

திருத்தணிப் படியில் ஒரு பரீட்சை

விமானம் ஏறுவதற்கு முன்பே, நம் மாவட்டத்திலேயே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம். பெரியபாளையம் பக்கம் தட்டையான பூமி, ஏற்றம் என்பதே கிடையாது. ஆனால் திருத்தணி இருக்கிறதே! முருகன் கோயிலுக்கு 365 படி. காலை வெயிலுக்கு முன்னால் உங்கள் வேகத்தில் ஏறுங்கள். மூச்சு வாங்கினால் பரவாயில்லை, நின்றால் அடங்கிவிட வேண்டும். ஆனால் நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, கண் இருட்டல் இவற்றில் ஏதாவது வந்தால் உடனே நிறுத்தி, பயணத்துக்கு முன்னால் இதய டாக்டரைப் பாருங்கள். முழங்கால் வலி படி ஏறும்போது வருகிறதா, இறங்கும்போதா என்பதையும் கவனித்து வையுங்கள். பின்னால் உபயோகப்படும். ஏற்கெனவே நெஞ்சுவலியோ முழங்கால் தேய்மானமோ உள்ளவர்கள் இந்தப் பரீட்சையையும் டாக்டரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

யார் தனியாகப் போகக் கூடாது? சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் அல்லது ஸ்டென்ட் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், அடிக்கடி தடுமாறி விழுகிறவர்கள், “அடுப்பை அணைச்சேனா?” என்பது தாண்டி வந்த வழியே மறந்து போகிறவர்கள். இவர்களுக்குத் துணை வேண்டும். இதில் ரோஷம் பார்க்கக் கூடாது.

ஷூவை ஊரிலேயே வாங்கி, ஒரு மாதம் போட்டு நடந்து பழகுங்கள். புது ஷூவோடு போனால் கொப்புளம்தான் மிச்சம். புடவை கட்டிக்கொண்டு போகலாமா என்றால், தாராளமாக! உள்ளே கால் மூடிய கம்பளி உள்ளாடை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். கொசுவத்தை ஒரு ஜாண் தூக்கிக் கட்டிக்கொண்டால் படியில் தடுக்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும் என்பது கணக்கு. ஜூரிச்சில் 20 டிகிரி என்றால் ம்யூரனில் 12 தான். தடியாக ஒன்று போடுவதை விட மெல்லியதாக மூன்று போடுவது நல்லது. நடந்தால் வேர்க்கும், ஒன்றைக் கழற்றலாம். உட்கார்ந்தால் குளிரும், மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

வெயிலைக் குறைத்து எடை போடாதீர்கள். “நாங்க சித்திரை வெயிலையே பார்த்தவங்க” என்று சிரிப்பீர்கள். ஆனால் உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில் கூடுகிறது. புதுப் பனி அதில் எண்பது சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். குளிரில் சுடுவது தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும்போதுதான் தெரியும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள் மறக்கவே கூடாது.

ரயிலும் பாதையும்

இனி பயணம். முதல் தடவைக்கு ம்யூரன் கொஞ்சம் தூரம்தான். ஜூரிச்சிலிருந்து போக மூன்று மணி, வர மூன்று மணி. ஒத்திகை பார்க்க ஸ்டோஸ் என்ற கிராமம் போதும். சுமார் 1,300 மீட்டர் உயரம், ஒன்றரை மணிப் பயணம். 2017 டிசம்பரில் அங்கே ஒரு கயிற்று ரயில் விட்டிருக்கிறார்கள். செங்குத்தான மலையில் பீப்பாய் மாதிரி பெட்டிகள் ஏறுகின்றன. சரிவு கூடக் கூடப் பெட்டி தானே உருண்டு சமன் செய்துகொள்வதால், உள்ளே நிற்கிறவருக்குத் தரை சாயாது. மியூனிக்கில் மகன் இருந்தால், ரயிலில் இரண்டு மணிக்குள் மிட்டன்வால்டு. 900 மீட்டர் சொச்சம்தான் உயரம். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வயலின் செய்கிற கிராமம் அது, வயலினுக்கே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். கச்சேரி கேட்கிற வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம்.

ம்யூரனுக்கு என்றால் வழி இது: ஜூரிச்சிலிருந்து பெர்ன் வழியாக இன்டர்லாகன் ஓஸ்ட். அங்கிருந்து சின்ன ரயிலில் இருபது நிமிஷம், லாட்டர்புருன்னன். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். அந்த ரயில் நடுவழியில் ஒரு ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு! ஏறும்போதே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர்ப் பெயரை மட்டும் கேள்வியாகச் சொன்னால் போதும், தலையாட்டிவிடுவார். மாறிப் போய்விட்டாலும் குடி முழுகிவிடாது. கிரிண்டல்வால்டும் அழகான ஊர்தான், அங்கேயே இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

லாட்டர்புருன்னனில் இறங்கித் தலையைத் தூக்கினால், ஊருக்கு மேலேயே கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு அருவி புகை மாதிரி விழுந்துகொண்டிருக்கும். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ரோப் கார். அது க்ரூட்ஷால்ப் என்ற இடத்தில் விடும். அங்கிருந்து குட்டி ரயில் ம்யூரனுக்கு. 1891-லிருந்து ஓடுகிற பாதை. மலை ரயில் என்றதும் நமக்கு ஊட்டி ரயில் ஞாபகம் வரும் அல்லவா? நியாயம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் அந்தப் பல்சக்கரத் தண்டவாள முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ்காரர். பழைய நீராவி எஞ்சின்கள் வின்டர்தூர் நகரில் செய்து கப்பலில் வந்தவை. அந்த வின்டர்தூர், ஜூரிச்சுக்குப் பக்கத்து ஊர். சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி தைரியமாகப் போகலாம்!

மேலே என்ன செய்வது? ம்யூரனிலிருந்து க்ரூட்ஷாலப்புக்கு ரயில் பாதையை ஒட்டியே நடைபாதை இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம், மெல்லிய இறக்கம், எதிரே முழுக்க பனிச் சிகரங்கள். நடுவில் வின்டரெக் என்ற ஸ்டேஷன். கால் வலித்தால் அங்கேயே ரயில் ஏறிவிடலாம். நம் வயதுக்கு இதைவிடத் தோதான பாதை கிடைப்பது கஷ்டம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம்: மூட்டைப் பதம் பார்ப்பது ஏற்றத்தை விட இறக்கம்தான். செங்குத்தான இடங்களில் ரயிலில் ஏறி நடந்து இறங்குவது பலர் செய்யும் காரியம். மூட்டுக்கு அது தலைகீழ் வைத்தியம். இந்தப் பாதையில் அந்தக் கவலை குறைவு, ஆனாலும் கைத்தடி ஒன்று இருக்கட்டும்.

வழிகாட்டிப் பலகைகளில் நிறத்தைப் பாருங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, நமக்கானது. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலையேறுகிறவர்கள் பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை, அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடக்கிற சுவிஸ்காரர் கணக்கு. நாம் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வோம், போட்டோ வேறு எடுக்க வேண்டுமே! குளிர்காலத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டு நடங்கள். கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வருவது அந்த மலைகளின் பழக்கம். எனவே எந்தக் காலமானாலும் காலையிலேயே நடையை முடித்துக்கொண்டு, மூன்று மணிக்குத் திரும்பும் ரயிலில் இருங்கள்.

அப்புறம் மாடுகள். கழுத்தில் பெரிய மணி கட்டிய மாட்டைப் பார்த்ததும் தொட்டுக் கும்பிடத்தான் கை போகும். வேண்டாம்! கன்றோடு மேயும் பசு அங்கே மனிதர்களை முட்டித் தள்ளிய சம்பவங்கள் உண்டு. அதற்காகவே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். தூர இருந்தே கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கைப்பையில் என்ன?

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். வீட்டிலேயே இருந்துவிட்டுத் திடீரென்று ஒன்றரை மணி நேரம் நடந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து நிஜம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, எரிச்சல். குளிரில் நடுங்குவதாக நினைத்து ஏமாந்துவிடுவீர்கள். சந்தேகம் வந்தாலே உட்கார்ந்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி ஒரு தரம். பிறகு சாப்பாடு. சாக்லெட் நாட்டில் சாக்லெட் போதாதா என்று கேட்பீர்கள். சாக்லெட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும், அவசரத்துக்கு உதவாது. இன்சுலின் பேனாவைப் பையின் வெளி ஜிப்பில் வைக்காதீர்கள். உறைந்து போனால் அது மருந்தே இல்லை. உடம்பை ஒட்டிய உள்பாக்கெட்டில் இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் மெஷினும் கடும் குளிரில் தப்புக் கணக்கு காட்டும், அதற்கும் அங்கேயே இடம்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். மாத்திரையை அன்றைக்கு என்று விட்டுவிடக் கூடாது. ‘தண்ணீர் மாத்திரை’ சாப்பிடுகிறவர்கள் பயண நாளில் எப்போது போடுவது என்று டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயத்துக்கு வர வேண்டும். பாத்ரூம்! குளிரில் சிறுநீர் அதிகமாக ஊறும். “எங்கே போறதுன்னு தெரியலையே” என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். தண்ணீர் குறைந்தால் தலைசுற்றல். அடக்கி வைத்தால் நாலாம் நாள் நீர்க்கடுப்பு, ஜுரம். அன்னிய நாட்டில் டாக்டர் செலவு வேறு. உண்மையில் பயப்பட ஒன்றும் இல்லை. நீண்ட தூர ரயில்களில் கழிப்பறை இருக்கிறது. பெரிய ஸ்டேஷன்களில் காசு போட்டுப் போகிற மாதிரி, எனவே சில்லறையாக ஒன்றிரண்டு ஃப்ராங்க் வைத்துக்கொள்ளுங்கள். ரோப் கார் ஏறுவதற்கு முன் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை என்று தேவை இருக்கிறதோ இல்லையோ போய்விடுங்கள். ஒரு சின்ன தண்ணீர் பாட்டில் போதும். கிராமத்துத் தொட்டிகளில் சில்லென்று ஓடும் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் மட்டும் கூடாது, குடிநீர் இல்லை என்று அர்த்தம். அந்த ஜெர்மன் வார்த்தைகளை மகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையே ராஜா. ரயிலில் டப்பாவைத் திறந்து சாப்பிடுவது அங்கேயும் சகஜம்தான். ஊறுகாயை மட்டும் ரோப் காருக்குள் திறக்காதீர்கள், பாவம், மற்றவர்கள்! ம்யூரனில் சின்ன மளிகைக் கடையும் உண்டு, பழமும் ரொட்டியும் வாங்கலாம். ஓட்டலில் சூடாகச் சாப்பிட ஆசைப்பட்டால், சைவர்கள் ‘ஓனே ஃப்ளைஷ்’ என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். அப்படியும் மீனையும் மாமிச சாற்றையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். 1980-களில் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழர்கள் பலர் அந்த நாட்டு ஓட்டல் சமையலறைகளில் உழைத்து முன்னுக்கு வந்தவர்கள். இன்றைக்கு பெர்ன் நகரில் 2014-ல் திறந்த ‘சமயங்களின் இல்லம்’ கட்டடத்துக்குள்ளேயே தமிழில் பூஜை நடக்கும் சிவன் கோயில் இருக்கிறது. எனவே ரயிலில் திடீரென்று, “அம்மா, எந்த ஊர் நீங்கள்?” என்று ஒரு யாழ்ப்பாணத்துக் குரல் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

கைப்பையில் ஒரு அட்டை கட்டாயம். உங்கள் பெயர், மகளின் போன் நம்பர், வீட்டு விலாசம், என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மாத்திரைக்கு கம்பெனிப் பெயரை எழுதாமல் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள், கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று. விசா வாங்கும்போது எடுத்த இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கும், அது விதி. ஆனால் பழைய நோய்க்கும் மலையில் மீட்பதற்கும் அது பணம் தருமா என்று பாலிசியைப் படித்துப் பார்த்துவிடுவது மகளின் வேலை.

போனில் வாட்ஸ்-அப் வழியாக நீங்கள் இருக்கும் இடத்தை மகளுக்குத் தொடர்ந்து காட்டும் வசதி இருக்கிறதல்லவா? அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும். காலை ஏழுக்குப் போட்டால் மூன்று மணிக்கு நின்றுவிடும். அங்கே மகள் ஆபீஸில் பதறுவாள்! மத்தியானம் ஒரு தடவை மறுபடி போட்டுவிடுங்கள். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் தீரும், அதுவும் உள்பாக்கெட்டில்தான்.

அவசரம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 144. ஐரோப்பா முழுக்கப் பொதுவான நம்பர் 112. மலையில் ஹெலிகாப்டர் உதவிக்கு 1414. 1952-லிருந்து இயங்கும் அந்த மீட்பு அமைப்பின் பெயரை நம் நாக்கில் ‘ரேகா’ என்றே சொல்லலாம், மறக்காது. ஒரு வேடிக்கையான எச்சரிக்கை: மேலே ஹெலிகாப்டர் பறந்தால் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிவிடாதீர்கள். இரண்டு கையும் மேலே இருந்தால் ‘உதவி வேண்டும்’ என்பது அங்கே சைகை. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் ‘வேண்டாம்’.

மகளிடம் முந்தின நாள் ராத்திரியே பேசி மூன்று நேரங்களை முடிவு செய்துகொள்ளுங்கள்: மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், திரும்பும் ரயில் ஏறியதும் ஒரு போன், எந்த நேரத்துக்கு மேல் தகவல் இல்லை என்றால் அவள் தேட ஆரம்பிக்க வேண்டும் என்பது மூன்றாவது. இதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டால் அவள் நிம்மதியாக வேலை பார்ப்பாள். நீங்களும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் “இங்கே இருக்கேன், அங்கே இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீடு திரும்பியதும் ஷூவைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்திருந்தால் கொப்புளம் போட்டதே தெரியாது. விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரனைப் பார்க்கச் சொல்லலாம், எண்ணிச் சொல்லிவிடுவான். சிவந்திருந்தால் குத்தி உடைக்காமல் சுத்தமான துணி சுற்றி, மகளிடம் அன்றைக்கே காட்டிவிடுங்கள். சூட்டில் காலை முக்குவதாக இருந்தால் தண்ணீரை முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.